டெல்லி கணேஷ்

டெல்லி கணேஷ் (1 ஆகஸ்ட் 1944 – 9 நவம்பர் 2024) மேடை நாடகம், திரைப்படம், சின்னத்திரை ஆகிய மூன்றிலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இயங்கிய தமிழ்க் குணச்சித்திர நடிகர். இயற்பெயர் கணேசன். 400-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்திருக்கிறார். அவற்றில் பெரும்பாலானவற்றில் அவர் யாருக்காவது அப்பா, மாமனார், காரியதரிசி, குடும்ப நண்பர். கதை வேறொருவருடையது, இவர் பக்கத்தில் நிற்பவர். அப்படி நிற்பதையே அவர் ஒரு தனித் தொழில்நுட்பமாகக் கற்றுவைத்திருந்தார்.

பிறந்த ஊர் வல்லநாடு. இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர், அவர் பிறந்த காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1964-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்து 1974 வரை பத்தாண்டுகள் பணியாற்றினார். டெல்லியில் இருந்த காலத்தில் தட்சிண பாரத நாடக சபா என்ற தமிழ் நாடகக் குழுவில் நடித்தார். தலைநகரில் மத்திய அரசு வேலையிலிருந்த தமிழர்கள் மாலை நேரங்களில் ஒத்திகை பார்த்து, விடுமுறை நாட்களில் நாடகம் போட்ட காலம் அது. பூர்ணம் விஸ்வநாதனும் டெல்லி வானொலியில் வேலை பார்த்துக்கொண்டே மேடையேறியவர்தான். தமிழ் சினிமாவுக்கு நல்ல நடிகர்களைத் தந்ததில் டெல்லிக் குளிருக்கும் ஒரு பங்கு உண்டு.

விமானப்படையிலிருந்து வந்தபின் சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நடித்தார். எழுபதுகளின் சபா நாடகம் தனக்கென ஓர் இலக்கணம் வைத்திருந்தது. மேடையில் ஒரு சோபா, ஒரு டெலிபோன், இரண்டு வாசல், மற்றதெல்லாம் வசனம். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வரியைச் சொன்னால் அந்த வரி வீண். தாமதித்தால் நாடகம் தொய்ந்துவிடும். அந்த இடைவெளியை அளந்து பேசப் பழகியவர்களைத்தான் கே. பாலசந்தர் தம் படங்களுக்குத் தேடி எடுத்தார்; அவரும் மேடையிலிருந்து வந்தவர். விசுவின் ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தை அவர் 1977-இல் படமாக்கியபோது கணேசனும் திரைக்கு வந்தார். ‘டெல்லி’ என்ற அடைமொழியைக் கொடுத்தவரும் பாலசந்தரே. சிவாஜி கணேசன், ஜெமினி கணேசன் ஆகியோர் ஏற்கெனவே இருக்க, அதே படத்தில் ஜெய்கணேஷும் நடிக்க, இன்னொரு கணேசனை அடையாளம் காட்ட ஓர் ஊர்ப்பெயர் தேவைப்பட்டதில் வியப்பில்லை. தாமிரபரணிக் கரைக்காரருக்கு யமுனைக் கரையின் பெயர் நிலைத்துவிட்டது.

அவருடைய திறமையை முதலில் முழுமையாகக் காட்டிய படம் துரை இயக்கிய ‘பசி’ (1979). சென்னைக் குடிசைப்பகுதி வாழ்க்கையைச் சொன்ன அப்படத்தில், பழைய பேப்பர் பொறுக்கும் பெண்ணாக நடித்த ஷோபா சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். அவருடைய தகப்பனாக, சைக்கிள் ரிக்‌ஷா இழுப்பவராக வந்தவர் டெல்லி கணேஷ். மாநில அரசின் விருது இதற்காகக் கிடைத்தது. நெல்லைக்காரர் ஒருவர் சென்னைத் தமிழ் பேசும்போது எங்காவது சொந்த ஊர் எட்டிப்பார்க்கும் என்று காது கொடுத்துக் கேட்டால் ஏமாந்துபோவோம். பின்னாளில் அவருக்கு ‘மாமா’ வேடங்களே அதிகம் வந்ததால், இந்த ரிக்‌ஷாக்காரரைப் பலர் மறந்துவிட்டார்கள்.

‘சிந்து பைரவி’யில் (1985) சிவகுமார் நடித்த பாடகர் ஜே.கே.பி.யின் மிருதங்கக்காரர் குருமூர்த்தி. நல்ல வாசிப்பு, கூடவே குடிப்பழக்கம். குடித்துவிட்டு வந்தார் என்பதற்காக அவரைக் கச்சேரியிலிருந்து விலக்கி, மிருதங்கமே இல்லாமல் பாடுகிறார் ஜே.கே.பி. அதே ஜே.கே.பி. பிற்பாதியில் தாமே குடியில் விழுகிறார். முதல் பாதியில் குருமூர்த்தியின் அவமானம் நம் மனத்தில் தைத்திருந்தால்தான் இரண்டாம் பாதியின் வீழ்ச்சிக்குக் கனம் வரும். அந்த வேலையை டெல்லி கணேஷ் பெரிய வசனங்கள் இல்லாமல், குறுகிப்போன தோளாலும் கண்ணாலும் செய்து முடித்தார். தம்புராக்காரராக வந்த ஜனகராஜுடனான காட்சிகளில் அவர் முற்றிலும் வேறு ஆள்.

கமல்ஹாசனுடன் அவர் சேர்ந்து நடித்த படங்கள் தனியாக ஒரு வரிசை. ‘நாயக’னில் (1987) வேலு நாயக்கரின் பக்கத்தில் நின்று இந்தியை மொழிபெயர்த்துச் சொல்லும் ஐயர்; பம்பாய் தாதாக்களின் நடுவே ஒரு குமாஸ்தாவின் பதற்றமும் விசுவாசமும் கலந்த முகம். ‘அபூர்வ சகோதரர்க’ளில் (1989) நாகேஷ், ஜெய்சங்கர், நாசர் ஆகியோருடன் நால்வரில் ஒருவராக வில்லன் வேடம், பெயர் பிரான்சிஸ் அன்பரசு. ‘அவ்வை சண்முகி’யில் (1996) ஜெமினி கணேசன் வீட்டுக் காரியதரிசி சேதுராமய்யர். ‘தெனாலி’யில் (2000) சக மருத்துவரின் புகழைப் பொறுக்காமல் ஒரு நோயாளியையே ஆயுதமாக அனுப்பிவைக்கும் டாக்டர் பஞ்சபூதம்.

இந்த வரிசையில் உச்சம் ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990). பாலக்காட்டு மணி ஐயர் என்ற சமையல் காண்டிராக்டர். நான்கு கமல்களில் ஒருவரான காமேஸ்வரனை வளர்த்த அப்பா. கிரேசி மோகனின் வசனம் மூச்சு விடாமல் ஓடும். அதன் மேல் பாலக்காட்டுத் தமிழின் இழுப்பும் ஏற்ற இறக்கமும் வேறு. தமிழ்ப் படங்களில் வட்டார வழக்கு பெரும்பாலும் கிண்டலாகத்தான் வரும். மணி ஐயரின் பேச்சோ, அவர் அடுப்படியில் நின்று பல வருஷம் பழகிய பேச்சாகவே கேட்கும். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழும் காட்சியை இன்றும் தொலைக்காட்சியில் போட்டால், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்று பார்க்கும் வீடுகள் உண்டு. அந்தச் சிரிப்பு சும்மா வரவில்லை. தொழிலில் பெயர் கெட்டுவிடுமே என்ற சமையல்காரரின் நடுக்கம் உண்மையாக இருப்பதால்தான் வருகிறது. நகைச்சுவை நடிகர் என்று அவரை வகைப்படுத்துவது அதனால் பொருந்தாது. அவர் சிரிப்புக் காட்டியதில்லை. கவலைப்பட்டார், நாம் சிரித்தோம்.

தனியார் தொலைக்காட்சிகள் வளர்ந்த தொண்ணூறுகளில், சபா மேடையில் பழகியவர்களுக்குச் சின்னத்திரை புது வீடானது. ஒரே நாளில் பல காட்சிகள் எடுக்கவேண்டிய அவசரத்தில், வசனத்தை உடனே பிடித்துக்கொண்டு பேசக்கூடியவர்கள் தேவைப்பட்டார்கள். டெல்லி கணேஷ் ‘மர்மதேசம்’ தொடங்கி ‘கஸ்தூரி’, ‘செல்லமே’ வரை பல தொடர்களில் நடித்தார். தொடர்களின் அழுகைக்கும் ஆவேசத்துக்கும் நடுவில் சாதாரணமாகப் பேசும் ஒரு குரல் இருந்தால், அநேகமாக அது அவருடையதாக இருக்கும். பிற நடிகர்களுக்குப் பின்னணிக் குரலும் கொடுத்திருக்கிறார்.

1994-இல் தமிழ்நாடு அரசின் கலைமாமணி விருது பெற்றார். மகன் மகாவைக் கதாநாயகனாக வைத்து ‘என்னுள் ஆயிரம்’ (2016) படத்தைத் தாமே தயாரித்தார். முதுமையிலும் புது இளைஞர்கள் கூப்பிட்டால் போய் நின்றார். பேட்மேன் சென்னைக்காரராக இருந்தால் எப்படியிருக்கும் என்ற கேலிக் குறும்படத்தில் ஆல்பிரட் வேடம் போட்டார். கோதம் நகரத்து மாளிகைப் பணியாளர் மயிலாப்பூர் தாத்தாவாக மாறிய அந்தச் சில நிமிடங்களால், ‘சிந்து பைரவி’ பார்த்திராத தலைமுறைக்கும் அவர் அறிமுகமானார்.

2024 நவம்பர் 9 இரவு, சென்னை ராமாபுரத்திலுள்ள தம் வீட்டில் 80-வது வயதில் காலமானார். திரையுலகினர் அஞ்சலி செலுத்த வந்த அவ்வீட்டுக்கு விமானப்படையினரும் வந்தனர். படையை விட்டு 1974-இல் வெளியேறியவரின் உடல்மீது, 50 ஆண்டுகள் கழித்து, அவர்கள் விமானப்படைக் கொடியைப் போர்த்தி மரியாதை செய்தனர்.