கபாலம் சொன்ன சாட்சி

‘தலையெழுத்து’ என்று நாம் சொல்லும்பொழுது, மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் வளைகோடுகளைப் பிரமன் தீட்டிய எழுத்தாகக் கண்ட பழைய எண்ணம் அச்சொல்லினுள் உறைகின்றது. அவ்வெழுத்தைப் படித்தறிய மனிதரால் இயலாது என்பதும் அவ்வெண்ணத்தின் ஒரு பகுதியே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா நகரில் பிறந்த ஒரு சாத்திரமோ, மண்டையைப் படிக்கலாம், படித்து ஒருவனுடைய குணத்தை உள்ளவாறே சொல்லலாம் என்று உறுதி கூறிற்று. ஐரோப்பியர் அதனைப் ‘பிரெனாலஜி’ என்றனர். நாம் அதைக் கபால சாத்திரம் என்று வழங்குவோம். அது நம் நாட்டுக்கும் வந்தது. கல்கத்தாவில் சபை அமைத்தது. மத்திய இந்தியாவில் தூக்கிலிடப்பட்டோரின் தலைகளைக் கடல் கடத்திற்று. வடக்கே பிழைக்கச் சென்று அந்நகரங்களில் வேரூன்றிவிட்ட நம்மவருக்கு, தாம் நாளும் நடக்கும் தெருக்களின் பழங்கதையாகவும் இது அமையும்.

சாத்திரத்தை நிறுவியவர் பிரான்ஸ் யோசெப் கால் (1758–1828) என்னும் மருத்துவர். அவர் கூறியவற்றுள் இரண்டு செய்திகள் உயர்ந்தவை. மனத்தின் உறுப்பு மூளையே என்றார். மூளையின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு தொழில் புரிகின்றன என்றார். இவ்வளவோடு நின்றிருந்தால் அறிவியல் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கும். அவரோ மேலும் சென்றார். மூளையில் 27 குணங்களுக்கு 27 உறுப்புகள் உண்டு. எக்குணம் மிகுந்ததோ அவ்வுறுப்பு பருக்கும். பருத்த உறுப்பு மண்டையோட்டை வெளியே தள்ளும். ஆகவே விரலால் தடவிப் பார்த்தே குணத்தை அறியலாம் என்றார். இதற்குச் சான்று யாது? பள்ளித் தோழருள் நினைவாற்றல் மிக்கவர்களின் கண்கள் பிதுங்கியிருந்தனவாம். ஆகவே சொல்லை நினைவில் நிறுத்தும் உறுப்பு கண்ணுக்குப் பின்னே உள்ளதாம். விலங்குகளை வதைப்பதில் இன்பங் கண்ட மாணவன் ஒருவனுக்குக் காதின் மேற்புறம் புடைத்திருந்ததாம். ஆகவே அழிக்கும் குணம் அங்கே குடியிருக்கின்றதாம். பொருந்தியவற்றை அவர் எண்ணினார், பொருந்தாதவற்றை எண்ணினாரில்லை. நம் ஊர்ச் சோதிடரும் இவ்வழியே கணக்கு வைப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம்.

காலின் மாணவர் ஸ்புர்ட்ஸ்ஹைம் இச்சாத்திரத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். 1820இல் எடின்பரோவில் கபால சாத்திர சபை எழுந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1825இல், கல்கத்தாவிலும் ஒரு சபையை ஆங்கிலேய மருத்துவர்கள் கண்டனர். இந்தியர் தலை ஐரோப்பியர் தலையினும் சிறியது என்பதும், குறைந்த தொகையினரான ஐரோப்பியர் பல கோடி இந்தியரை ஆள்வதற்கு அதுவே காரணம் என்பதும் எடின்பரோவார் விரும்பிப் பேசிய பேச்சு. பீரங்கியும் வாணிகமும் உட்பகையும் செய்த வேலையை எலும்பின் மேல் ஏற்றிவிட்டால், ஆளுவோருக்கு மனச்சாட்சி உறுத்தாது அன்றோ? விந்தை என்னவெனில், 1845இல் கல்கத்தாவில் புதிதாக ஒரு கபால சபையை நிறுவியவர் காளிகுமார் தாஸ் என்னும் வங்காளியர். தம்மவரைத் தாழ்த்திய கருவியையே உயர்த்தும் கருவியாகத் திருப்பலாம் எனக் கற்றோர் சிலர் கருதினர் போலும்.

இனி, கடல் கடந்த தலைகளின் கதைக்கு வருவோம். 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்லீமன் முதலிய கம்பெனி அதிகாரிகள் மத்திய இந்தியாவில் ‘தக்கர்’ எனப்பட்டோரை வேட்டையாடி வந்தனர். வழிப்போக்கருடன் நட்புக் கொண்டாடி, கைக்குட்டையால் கழுத்தை இறுக்கிக் கொன்று கொள்ளையிடுவோர் என்பது அவர்கள்மேற் சாட்டப்பட்ட குற்றம். குற்றம் நிறுவப்பட்டது பெரும்பாலும், மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்பில் சாட்சி சொல்ல முன்வந்த பிற கைதிகளின் வாய்மொழியால். தக்கர் ஒரே மறைவான கூட்டமாக இருந்தனரா, அன்றி வேறு வேறு வழிப்பறிக்காரரைக் கம்பெனி ஏடுகள் ஒரு பெயருக்குள் அடைத்தனவா என்பது வரலாற்றாசிரியரிடையே நீளும் வாதம். சாகரில் தூக்கிலிடப்பட்டவருள் எழுவருடைய மண்டையோடுகளை ஹென்றி ஸ்ப்ரை என்னும் கம்பெனி மருத்துவர் எடுத்துப் பதப்படுத்தி அனுப்ப, அவை 1833இல் எடின்பரோ சபையை அடைந்தன. அவ்வெழுவரின் உற்றார் அத்தலைகளைக் கேட்டனரா, அவர்களைக் கேட்டோர்தாம் உண்டா என்பதைப் பற்றிச் சபையாருக்குக் கவலை இல்லை.

சபையைச் சேர்ந்த ராபர்ட் காக்ஸ் அவற்றை அளந்து, 1834இல் சபையின் பத்திரிகையில் எழுதினார். கொலையைத் தொழிலாகக் கொண்டோர் என்று சொல்லப்பட்டவர்களின் தலைகள் ஆயிற்றே, காதின் மேற்புறம் மலைபோற் புடைத்திருக்க வேண்டும். புடைத்திருக்கவில்லை. அழிக்கும் உறுப்பு எவரிடத்தும் மேலோங்கி நிற்கவில்லை என்று காக்ஸே ஒப்புக்கொண்டார். ஒரு சாத்திரம் தன்னைத் திருத்திக்கொள்ள இதனினும் நல்ல வாய்ப்பு வருமா? அவரோ, மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இது முரணாகத் தோன்றினும் உண்மையில் இது நம் கொள்கையை உறுதிப்படுத்துகிறது என்றார். இவர்கள் கொடுமையில் இன்பங் கண்டு கொல்லவில்லை, பொருளாசையாலும் வளர்ப்பாலும் கொன்றனர். ஆகவே அழிக்கும் உறுப்பு பெரிதாக இராமையே முறை என்பது அவர் விளக்கம். புடைத்திருந்தால் சாத்திரம் மெய். புடைத்திராவிடினும் சாத்திரம் மெய். எவ்விடையாலும் தோற்காத கேள்வியை எழுப்பினால் எவ்விடையாலும் வெல்வதும் இல்லை என்பது காக்ஸுக்குத் தோன்றவில்லை. மேலும், அளந்தவர் கையில் அத்தலைகள் ‘இவை கொலைஞர் தலைகள்’ என்னும் பெயர்ச்சீட்டோடுதான் வந்து சேர்ந்தன. பெயர் தெரியாத எழுபது தலைகளோடு அவ்வேழையும் கலந்து கொடுத்து, பிரித்தெடுங்கள் என்று எவரும் கேட்டிலர்.

கேட்டறியத் துணிந்தவர் வேறிடத்தில் இருந்தனர். பாரிஸில் ஃப்ளூரான்ஸ், புறா முதலியவற்றின் மூளையிற் பகுதி பகுதியாக அகற்றிப் பார்த்தார். காமத்தின் இருப்பிடம் என்று கால் சொன்ன சிறுமூளையை அகற்றியபொழுது, உயிரி தடுமாறிற்று. அசைவுகளை ஒழுங்கு செய்வதே அதன் வேலை என்று தெரிந்தது. ஹைடல்பர்க்கில் டீடமான் மண்டையோடுகளுள் தினையை நிரப்பிக் கொள்ளளவு கண்டு, ஆப்பிரிக்கர் மூளை ஐரோப்பியர் மூளையினும் சிறியதன்று என்று 1836இல் வெளியிட்டார். 1861இல் புரோக்கா, ‘டான்’ என்னும் ஓர் ஒலியன்றி வேறு பேச இயலாதிருந்த நோயாளி இறந்தபின் அவர் மூளையைத் திறந்து பார்த்து, இடப்பக்க முன்மடலில் சிதைவு கண்டார். மூளையில் தொழிற்பிரிவு உண்டு என்னும் காலின் நல்ல பாதி இவ்வாறு நிலைபெற்றது. மண்டைப் புடைப்பு என்னும் மற்றைப் பாதி வீழ்ந்தது. 2018இல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர் சிலர், செத்த பாம்பை அடிப்பானேன் என்று எண்ணாமல், ஆயிரக்கணக்கானோரின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு தலையின் புறவளைவுகளை அளந்து, அவர்தம் வாழ்க்கைக் குறிப்புகளோடு ஒப்பிட்டனர். கபால சாத்திரத்துக்கு ஆதரவாக ஒன்றும் கிட்டவில்லை.

தலையைத் தடவும் வழக்கம் ஒழிந்தது. தலையைக் கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் ஆசை ஒழியவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், காந்திநகரிலும் மும்பையிலும் இருந்த தடய அறிவியற் கூடங்களில் மூளை மின்னலைச் சோதனை ஒன்று நடைபெற்றது. குற்றஞ் சாட்டப்பட்டவர் தலையில் மின்வாய்கள் பொருத்திய உறையணிந்து கண்மூடி அமர்ந்திருப்பார். ‘நான் கடைக்குப் போனேன், நஞ்சு வாங்கினேன்’ என்பன போன்ற வாக்கியங்கள் அவர் செவியில் ஒலிக்கும். அவர் வாய் திறக்க வேண்டுவதில்லை; செய்தவர் மூளை வேறு, கேட்டறிந்தவர் மூளை வேறு என்று கருவி பிரித்துக் காட்டிவிடும் என்றனர். காவலர் நாள்தோறும் அதே கதையைச் சொல்லி விசாரித்த பின்னர், அக்கதை அவர் மூளைக்கு எவ்வாறு புதிதாக இருக்கும்? அவ்வாக்கியங்களைத் தொடுப்பதும் காவலர் கொண்ட கருத்தைக் கொண்டே அன்றோ? 2008இல் புனேயில் ஒரு நீதிமன்றம் கொலை வழக்கொன்றில் தண்டனை விதித்தபொழுது இச்சோதனையையும் சான்றாகக் கொண்டது. அவ்வாண்டிலேயே, பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தின் இயக்குநர் தலைமையிலான வல்லுநர் குழு, இதற்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை, நீதிமன்றச் சான்றாகக் கொள்ளத் தகாது என்று கூறிற்று.

2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நார்கோ ஊசி, பொய் காட்டும் கருவி, மூளை மின்னலைச் சோதனை ஆகிய எதனையும் ஒருவர் இசைவின்றி அவர்மேற் செலுத்துதல் ஆகாது என்றனர். அரசியலமைப்பின் 20(3), 21 ஆகிய பிரிவுகள் அதற்கு இடந்தரா என்றனர். இசைவு தருவோருக்கு வழக்கறிஞர் துணை வேண்டும். இசைவை நீதித்துறை மாஜிஸ்டிரேட் முன்னிலையிற் பதிய வேண்டும். அங்ஙனம் இசைந்து செய்துகொண்டாலும், சோதனையின் முடிவு தானே சாட்சியாக ஏற்கப்படமாட்டாது.