பனியில் ஓடிய நாய்கள்

செமினியில் விடியற்காலைக் குளிருக்கே துண்டைப் போர்த்திக்கொள்பவர்கள் நாம். பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகைக் குளிர் நமக்கு எட்டாத சங்கதி. 1925 ஜனவரியில், அமெரிக்காவின் வடகோடியான அலாஸ்காவில், நோம் நகரக் குழந்தைகளைத் தொண்டை அடைப்பான் நோய் பிடித்தது. மருந்து நெனானா வரை ரயிலில் வந்தது. அப்பால் சுமார் 1,085 கிலோமீட்டர் பனி. சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களை விட்டால் வேறு வழியில்லை.

ஒரே வண்டி அவ்வளவு தூரம் போனால் நாய்கள் ஓய்ந்துவிடும். ஆகவே 20 ஓட்டிகளும் ஏறத்தாழ 150 நாய்களும் மருந்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டு சென்றனர். தபால் வண்டிக்குச் சுமார் 25 நாள் பிடிக்கும் வழி அது. ஐந்தரை நாளில் முடிந்தது. சில நாய்கள் வழியிலேயே மடிந்தன.

மிகக் கடுமையான பகுதி லியோனார்டு செப்பாலாவுக்கு வாய்த்தது. உறைந்த கடல்மேல் ஓட வேண்டும். புயலில் பனிக்கட்டி எப்போது பிளக்குமோ தெரியாது. அவருடைய முன்னோடி நாய் டோகோவுக்கு வயது 12. இருட்டிலும் அது பாதை பிசகவில்லை. ஆனால் பிப்ரவரி 2ஆம் நாள் கடைசி வண்டியை நோமுக்கு இழுத்து வந்தது பால்டோ. அதே ஆண்டு நியூயார்க்கில் சிலை வைத்ததும் பால்டோவுக்கே. எங்களுக்கு இது நியாயமாகப் படவில்லை.

1973 முதல் நோம் வரை இடிடராட் என்னும் பந்தயம் நடக்கிறது. தூரம் சுமார் 1,600 கிலோமீட்டர். அதில் கைமாற்றுவதற்கு ஆள் இல்லை. எங்கே ஓடுவது என்பதைவிட எங்கே நிற்பது என்பதே ஓட்டியின் கணக்கு. ஓரிடத்தில் 24 மணி நேரம் கட்டாயம் தங்க வேண்டும். அங்கும் முதலில் நாய்களுக்குத் தீனி வைத்து, ஒவ்வொன்றின் பாதத்தையும் பார்த்த பிறகுதான் ஓட்டிக்குத் தூக்கம்.