ஜார் மன்னனின் அதிகாரிகளும் செஞ்சேனையும்

1917-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் பெட்ரோகிராடில் ஆட்சியைக் கைப்பற்றிய போல்ஷ்விக்குகள் நெடுநாள் தாங்கமாட்டார்கள் என்றே பலரும் எண்ணினர். 1918 மார்ச்சில் அவர்கள் பெருநிலப்பரப்பை விட்டுக்கொடுத்து ஜெர்மனியுடன் பிரெஸ்ட்-லிடோவ்ஸ்க் உடன்படிக்கை செய்துகொண்டனர். தலைநகரையும் மாஸ்கோவிற்கு மாற்றினர். இம்மாற்றம் பேருதவியாயிற்று. முக்கிய இருப்புப் பாதைகள் மாஸ்கோவில் கூடின. எதிரிகளான வெண்படையினரோ தெற்கிலும் கிழக்கிலும் வடமேற்கிலும் சிதறிக் கிடந்தனர்.

நம்மை வியக்கவைப்பது அவர்கள் படை அமைத்த முறையே. ஆலைத் தொழிலாளருக்குப் படை நடத்தத் தெரியாது. ஆகவே டிராட்ஸ்கி, ஜார் மன்னனின் பழைய அதிகாரிகளையே பல்லாயிரக்கணக்கில் செஞ்சேனையில் சேர்த்தார். கட்சியினர் பலர் இதனைக் கண்டித்தனர். நேற்றுவரை பகைவனாயிருந்தவனை நம்புவது எங்ஙனம்? நம்பவில்லை என்பதே விடை! அவர்களைக் கண்காணிக்கக் கமிஸார்கள் நிறுத்தப்பட்டனர். அதிகாரி எதிரியுடன் சேர்ந்தால் அவன் குடும்பத்தார் சிறைப்படுவர் என்ற ஆணையும் பிறந்தது. இதனைத் திறமை என்பதா, கொடுமை என்பதா? இரண்டுமே என்பது நம் கருத்து.

1919 அக்டோபரில் டெனிகினின் படை மாஸ்கோவிற்குத் தெற்கே ஓரெல் நகரம்வரை வந்துவிட்டது. எனினும் குடியானவர் அவர் பக்கம் சாயவில்லை; நிலக்கிழார் திரும்பிவந்து வயலைப் பிடுங்குவர் என்று அஞ்சினர். தம் தானியத்தைத் துப்பாக்கி முனையில் பறித்த போல்ஷ்விக்குகளையும் அவர்கள் வெறுத்தனர். ஆயினும் நிலமே பெரிதாகப்பட்டது.

வெண்படை தோற்றபின் அவ்வெறுப்பு பொங்கி எழுந்தது. 1921 மார்ச்சில், புரட்சியின் பெருமிதமாக விளங்கிய கிரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிகளே கலகஞ்செய்தனர். அரசு அதனைப் பீரங்கிகொண்டு அடக்கிற்று. அதே திங்களில் தானியப் பறிமுதலைக் கைவிட்டு, அளவிட்ட வரியோடு அமையவும் இணங்கிற்று.