பயிர்க் காப்பீட்டில் நிதித் திட்டமிடல்

ஒரு பருவத்தில் எவ்வளவு இழப்பீடு கொடுக்க நேரும் என்பதை விதைப்புக்கு முன்பே மதிப்பிட்டு, அந்தப் பணத்தை விவசாயி, அரசு, காப்பீட்டு நிறுவனம் ஆகியோரில் யார் எப்போது தருவது என்று வகுப்பதே பயிர்க் காப்பீட்டின் நிதித் திட்டமிடல். ஆயுள் காப்பீட்டைவிட இது கடினமான கணக்கு. ஓர் ஊரில் எல்லோரும் ஒரே ஆண்டில் இறப்பதில்லை. ஆனால் செய்யாறு கரை மீறினால், காஞ்சிபுரம் மாவட்டத்து மாகறலில் பக்கத்துப் பக்கத்து வயல்கள் சேர்ந்தேதான் முழுகும். இழப்பு மொத்தமாக வரும்போது, அன்றைக்கு வசூலான பிரீமியம் போதவே போதாது.

காப்பீடு வருவதற்கு முன்பு இந்த வட்டாரத்துக்குக் காவல் ஏரிதான். உத்திரமேரூரில் ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்ற குழு தனியாக இருந்தது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் அடுத்த தேர்வில் சேர்க்கக் கூடாது என்கிறது. ஊர்ப் பணத்துக்குப் பொறுப்பு எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் பயிர்க் காப்பீட்டுக்கு முதல் தெளிவான திட்டத்தை 1920இல் மைசூரைச் சேர்ந்த ஜே. எஸ். சக்கரவர்த்தி முன்வைத்தார். மழையளவை வைத்து இழப்பீடு தருவது அவர் யோசனை. நடைமுறை 1972இல் குஜராத்தில் எச்-4 பருத்தியோடு தொடங்கி, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது. விவசாயி ஒவ்வொருவரின் வயலையும் தனித்தனியே மதிப்பிட்ட அந்த முயற்சியில் 1978 வரை வசூல் 4.54 லட்சம் ரூபாய். கொடுத்த இழப்பீடு 37.88 லட்சம். பொருளியலாளர் வி. எம். தண்டேகர் வட்டாரத்தையே ஓர் அலகாகக் கொள்ளச் சொன்னார். அந்த வழியில் 1979இல் தொடங்கிய முன்னோட்டத் திட்டம் வசூலுக்குள்ளேயே அடங்கியது. ஆனால் 1985இல் வந்த விரிவான திட்டம் நெல்லுக்கு 2 சதவீதம் என்று ஒரே பிரீமியத்தை நாடு முழுவதற்கும் வைத்தது. 1999 வரை சுமார் 404 கோடி வசூலித்து, சுமார் 2,319 கோடி கொடுத்தது. ஆபத்துக்கும் கட்டணத்துக்கும் தொடர்பே இல்லாதபோது வேறென்ன நடக்கும்?

1999-2000 ராபி பருவத்தில் வந்த தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டமும் இதே முடிச்சை அவிழ்க்கவில்லை. உணவுப் பயிர்களுக்குப் பிரீமியத்தை மிஞ்சிய இழப்பீட்டை மத்திய, மாநில அரசுகள் பாதிப்பாதி தர வேண்டியிருந்தது. ஆக, பயிர் கெட்ட பிறகுதான் அரசு பணம் தேடியது. நிதி ஒதுக்கீடு வரும்வரை விவசாயி காத்திருந்தார். அதற்குள் அடுத்த நாற்றங்காலுக்குக் கடன் வாங்கியிருப்பார்.

2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் (பசல் பீமா) இந்த வரிசையைத் திருப்பியது. இப்போது நிறுவனங்கள் பழைய மகசூல் விவரங்களிலிருந்து சராசரி இழப்பைக் கணித்து, நிர்வாகச் செலவும் மறுகாப்பீட்டுச் செலவும் சேர்த்து விகிதம் கேட்கின்றன. சம்பா நெல்லுக்கு ஏக்கருக்கு 30,000 ரூபாய் காப்பீடு, விகிதம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பிரீமியம் 3,000. அதில் விவசாயி கட்டுவது 1.5 சதவீதம், அதாவது 450. மீதி 2,550ஐ இரண்டு அரசுகளும் ஆளுக்கு 1,275 என்று தரும். விவசாயி அடங்கலும் சிட்டாவும் எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்திலோ இ-சேவை மையத்திலோ பதிவார்.

அறுவடை நேரத்தில், குலுக்கலில் விழுந்த சில வயல்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டுவார்கள். அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். அந்தச் சில கிலோ நெல்தான் ஊரின் மகசூல் மதிப்பீட்டுக்கு முக்கிய அடிப்படை. உத்தரவாத மகசூல் 2,000 கிலோ, கிடைத்தது 1,500 கிலோ என்றால் இழப்பு 25 சதவீதம். ஏக்கருக்கு 7,500 ரூபாய். எடை போடும் இடத்தில் ஊர்க்காரர்கள் நின்று பார்ப்பது மிக முக்கியம் என்று நினைக்கிறேன்.

இதிலும் தாமதம் தீரவில்லை. மாநிலப் பங்கு வராதபோது இழப்பீடும் நின்றது. அதனால் 2018இல், தாமதிக்கும் நிறுவனமும் மாநிலமும் 12 சதவீத வட்டி தர வேண்டும் என்று விதி வந்தது. 2020இல் மத்திய அரசு தன் மானியத்துக்கு வரம்பு கட்டியது: பாசன நிலத்தில் 25 சதவீத விகிதம் வரை, மானாவாரியில் 30 வரை. அதற்கு மேல் மாநிலத்தின் சுமை.

அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 80:110 என்ற முறை வந்தது. இழப்பீடு பிரீமியத்தில் 110 சதவீதம் வரை நிறுவனத்தின் பொறுப்பு, அதற்கு மேல் மாநிலத்தின் பொறுப்பு. இழப்பீடு 80 சதவீதத்துக்குக் குறைந்தால், நிறுவனம் 20 சதவீதத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை அரசிடம் திருப்பித் தரும். நல்ல ஆண்டில் கருவூலத்துக்கு லாபம். பெருவெள்ள ஆண்டில் 1999 திட்டத்தின் பழைய சுமையே திரும்ப வருகிறது. நல்ல ஆண்டில் திரும்பும் பணத்தைப் பொதுச் செலவில் கரைக்காமல் தனிக் காப்பு நிதியாகச் சேர்த்தால்தான், கெட்ட ஆண்டில் மாநிலம் உரிய நாளில் பணம் தர முடியும்.