சேத்துப்பட்டுல இருந்து 94 பக்கம்

போன வாரம் கடலூர் வீட்டுக்குப் போயிருந்தப்ப, மொட்டை மாடியில உக்காந்து மொபைல்ல ஒரு பழைய ஆய்வறிக்கையைத் திறந்தேன். 1959-ல வந்தது. 94 பக்கம். லாகின் கேக்கல, காசு கேக்கல. இன்னிக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

1956, மெட்ராஸ் சேத்துப்பட்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனோட மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நாலு பேரும் சேர்ந்து ஒரு காசநோய் மையம் தொடங்குறாங்க. காசநோய் வந்தா சானடோரியத்துல படுத்தே ஆகணும், சத்தான சாப்பாடு, முழு ஓய்வு வேணும்னு உலகமே நம்பின காலம் அது. ஆனா நம்ம ஊர்ல அத்தனை படுக்கைக்கு எங்க போறது?

வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில ஒரு குழு 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சது. ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி வீட்டுக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம். முடிவு? சானடோரியத்துல 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்குச்சு, வீட்டுல 86 சதவீதம். வீட்டுல இருந்தவங்களுக்குச் சாப்பாடும் கம்மி, ஓய்வும் கம்மி. அவங்க குடும்பத்துக்குக் கூடுதலா நோய் பரவவும் இல்ல.

"வீட்டுலயே குணப்படுத்தலாம்"னு ஒத்த வரியில சொல்லியிருந்தா யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. எக்ஸ்ரே, சளிப் பரிசோதனைன்னு எல்லாத்தையும் அட்டவணை போட்டு அச்சடிச்சதாலதான் சந்தேகப்பட்டவங்களும் சரிபார்க்க முடிஞ்சுது. அப்புறம் உலகம் முழுக்க சானடோரியம் காலம் முடிவுக்கு வந்துச்சு.

இப்ப எதிர்ப்பக்கம். 1984 போபால் விஷவாயு. அதே மருத்துவக் கவுன்சில் 1994 வரைக்கும் மக்களைத் தொடர்ந்து ஆய்வு பண்ணுச்சு. ஆனா நீண்டகால ஆய்வோட முழு அறிக்கை வெளியானது 2000-க்கு அப்புறம்தான். நஷ்டஈடு ஒப்பந்தமோ 1989-லயே முடிஞ்சிருச்சு. தன் உடம்புக்கு என்ன ஆச்சுங்கிற கணக்கு கையில இல்லாமலே அந்த ஜனங்க நின்னாங்க.

2021 ஏப்ரல்ல, கொரோனா ரெண்டாவது அலை நடுவுல, நூத்துக்கணக்கான இந்திய விஞ்ஞானிகள் பிரதமருக்குக் கடிதம் எழுதினாங்க. கேட்டது என்ன? அதே கவுன்சில்கிட்ட இருக்கிற பரிசோதனைத் தரவுதான்.

2025-ல இருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துல அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் கிடைக்குது. நல்ல விஷயம். ஆனா கேம்பஸுக்கு வெளிய இருக்கிறவங்களுக்கு அது இல்ல. அதோட, கட்டுரை வேற, தரவு வேற. நான் வேலை பாக்குற துறையில சொல்ற மாதிரின்னா, ரிசல்ட் மட்டும் காட்டிட்டு லாக் ஃபைலை மறைச்சா யாரும் ஒத்துக்க மாட்டோம்.

அந்த 193 பேர்ல பெரும்பாலும் ஏழைங்க. அவங்க கொடுத்த சளி மாதிரியோட கணக்கு, 60 வருஷம் தாண்டியும் கடலூர் மாடியில எனக்குக் கிடைக்குது. அடுத்த வாரம் பாப்போம்.