பெற்றோர் அறிய வேண்டிய செய்தி

1894-இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர்க்கு இலவசப் பள்ளி நிறுவினார். பள்ளிக் கதவு திறந்த பின்னரும், வகுப்பறையில் நடப்பதை அறியும் வழி நம் பெற்றோர் பலர்க்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. தேர்ச்சி அட்டை வீட்டிற்கு வரும். எழுத்தறியாத தாய் கைநாட்டிடுவாள். பிள்ளை படித்துச் சொல்வதே அவள் அறியும் செய்தி. பிள்ளை பின்தங்கியது தெரியவருமுன் படிப்பே நின்றுபோவதும் உண்டு.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமையாக்கியது. 21-ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கைப் பெற்றோர்க்கே அளித்தது.

ஆகவே, கேட்டறிவது சலுகையன்று, உரிமையாகும். இளைஞர்களே! எழுத்தறியாப் பெற்றோருடன் அக்கூட்டங்களுக்குச் செல்லுங்கள். அவர்கள் வாய்திறந்து வினவத் துணைநில்லுங்கள்.