மாஞ்சா

இலங்கையின் புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கூட்டுப்பாடலும் ஆடலும் மாஞ்சா எனப்படுகின்றன. போர்த்துக்கீசரும், பின்னர் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். பாடல்கள் போர்த்துக்கீசக் கிரியோலில் அமைந்தவை. அன்றாடப் பேச்சோ இன்று பெரும்பாலும் சிங்களம். மொழி ஐரோப்பியச் சாயலுடையது, ஒலிக்கும் டோலக் முழவு இந்தியாவினது என்றால் இதை ஆப்பிரிக்க இசை என்பது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர் முழவைச் சுமந்து வருவதில்லை; தாளத்தை உடலில்தான் கொண்டுவருகிறார். மாஞ்சாவில் தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, நாணயத்தால் தட்டும் கண்ணாடிப் புட்டி எல்லாம் தாளக் கருவிகளே. வெவ்வேறு தட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்க, பாட்டு மெல்லத் தொடங்கி வேகமேறுகிறது. ஆட்டமும் கூடவே சூடுபிடிக்கிறது.

இதேபோல், டிரினிடாடில் 1880களில் முழவுக்குக் கட்டுப்பாடு வந்தபோது ஆப்பிரிக்க வம்சாவளியினர் மூங்கில் குழல்களைத் தரையில் இடித்துத் தாளம் படைத்தனர். பின்னர் எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து ஸ்டீல்பான் என்னும் கருவியை உருவாக்கினர். பெருவில் மரப்பெட்டியே காஹோன் என்னும் தாளக் கருவி ஆயிற்று. ஆகவே கையில் கிடைத்ததைத் தாளமாக்குவதை மரபின் சிதைவாகக் கருத முடியாது. அது மரபு பிழைத்திருக்கும் முறை. மாறாக, மலேசியாவின் ஜொகூரில் வேரூன்றிய சப்பின் நடனத்தில், ஹத்ரமி அரபு வணிகர் வழிவந்த காம்புஸ் நரம்புக் கருவியும் மர்வாஸ் சிறுமுழவும் இன்றும் ஒலிக்கின்றன. தன் விருப்பில் பயணித்தவருக்குக் கருவியையும் உடன் கொண்டுவர வழியிருந்தது. கருவியை மட்டுமே அளவுகோலாக்கினால் சிராம்பியடி மக்களுக்கு இரண்டாம் முறையும் அநீதி இழைத்தவர்களாவோம்.